பந்தியில் அமர்ந்த சொற்கள்

தை மாதத்தில் ஒரு திருமண விருந்துக்குச் சென்றிருந்தோம். திருப்பலி முடிந்து மண்டபத்துக்கு வந்தபோது, உணவுக்கூடத்தின் ஒவ்வொரு மேசையிலும் பொன்னிற எழுத்துகளில் அச்சிட்ட அட்டை ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வெல்கம் டிரிங்க், ஸ்டார்ட்டர், மெயின் கோர்ஸ், டெசர்ட் என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஏழெட்டுப் பெயர்கள். நமக்கு அடுத்த இருக்கையில் மணமகளின் பெரியப்பா அமர்ந்திருந்தார். ஊரில் வேளாண்மை செய்பவர், எழுபதைக் கடந்தவர். அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதிலே சோறு எந்த வரியிலே இருக்கு?" என்று மெல்லக் கேட்டார். மூன்றாம் தலைப்பின் அடியில் 'ஸ்டீம்டு ரைஸ்' என்றிருந்த வரியைத் தொட்டுக் காட்டினோம். "இருக்குல்ல, போதும்" என்று சிரித்துவிட்டு, அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

சில நாள் கழித்து மணமகளின் தந்தையாரைக் கண்டோம். பேச்சினிடையே அவர் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். சமையல் ஒப்பந்தக்காரர் இரண்டு பட்டியல்களை முன்வைத்தாராம். இரண்டிலும் கோழியும் ஆட்டிறைச்சியும் உண்டு. சோறும் பாயசமும் உண்டு. ஒன்றின் தலைப்பில் 'நார்மல்' என்றும், மற்றதன் தலைப்பில் 'கிராண்ட்' என்றும் எழுதியிருந்தது. சம்பந்தி வீட்டார் உடனிருந்த வேளையில் முதற் பட்டியலைக் கேட்க அவருக்கு நா எழவில்லை. "நார்மல் என்று சொல்ல வாய் வரவில்லை, ஐயா. அவ்வளவுதான் நடந்தது" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லத் துணியாமையால் அவருடைய துணைவியாரின் கழுத்துச் சங்கிலி இன்று அடகில் இருக்கிறது.

அன்று முதல் இந்தச் சொற்கள் நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும் வலிமை இவற்றுக்கு எங்கிருந்து வந்தது? இவை பிறந்த வீடு எது? பெருமிதத்தோடு நம் மேசைக்கு வந்து அமரும் இந்த விருந்தாளிகளின் குலம் கோத்திரத்தை இத்திங்கள் சற்றே விசாரித்துப் பார்ப்போம்.

முதலில் அந்த அட்டையையே எடுத்துக்கொள்வோம். அதற்கு 'மெனு' என்று பெயர். இது பிரெஞ்சுச் சொல். இலத்தீனில் 'சிறியது' என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து பிறந்தது. சிறுசிறு விவரங்களாக எழுதிய குறிப்பு என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் மணியின் சிறு கூறாகிய 'மினிட்' என்பதும் இதன் உடன்பிறப்பே. மணமகளின் தந்தையார் சொல்ல அஞ்சிய 'சிறியது' என்னும் பொருள், அட்டையின் பெயரிலேயே ஒளிந்திருந்தது.

அடுத்து, பெருவிருந்தைக் குறிக்கும் 'பாங்க்வெட்' என்னும் சொல். நகரத்து ஓட்டல்களில் பாங்க்வெட் ஹால் என்றால் சரவிளக்குகளும் கம்பளமும் கண்முன் நிற்கும். ஆனால் அச்சொல் இத்தாலிய மொழியில் 'சிறு பலகை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. உட்காரப் போட்ட பலகைதான் இன்று மண்டபமாக வளர்ந்து நிற்கிறது. 'பஃபே' என்பதும் பாத்திரங்களை அடுக்கி வைக்கும் பக்க மேசையின் பெயரே. 'செஃப்' என்றால் தலைவர். சமையற்கட்டின் தலைமையாளர் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. சுவையறிந்து உண்ணும் செல்வரைப் புகழ்ந்துரைக்கும் 'கூர்மே' என்னும் சொல்லோ, பழைய பிரெஞ்சு மொழியில் திராட்சை இரச வணிகரிடம் வேலை பார்த்த ஏவலாளைக் குறித்தது. எசமானரைப் புகழும் சொல் வேலைக்காரரின் பெயராக இருந்திருக்கிறது.

'ரெஸ்டாரண்ட்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் நெஞ்சைத் தொடுவது. பிரெஞ்சு மொழியில் அதன் நேர்ப்பொருள் 'மீண்டும் வலுவூட்டுவது' என்பதாகும். இறைச்சியை நெடுநேரம் காய்ச்சி வடித்தெடுத்த சாற்றுக்கே முதலில் அப்பெயர் வழங்கியது. நோயால் மெலிந்தவர்களும், கெட்டியான உணவு ஏற்காதவர்களும் அருந்தும் பத்தியச் சாறு அது. 1760களில் பாரிசு நகரில் இச்சாற்றை விற்பதற்கென்றே சில கடைகள் தோன்றின. உடல் நலிந்தவர் எந்த நேரத்திலும் வந்து, தனிமேசையில் அமர்ந்து, தமக்கு வேண்டியதை மட்டும் கேட்டு அருந்திச் செல்லலாம் என்பது அக்கடைகளின் புதுமை. சாற்றின் பெயரே கடையின் பெயராயிற்று. சுமையால் சோர்ந்தோரைத் தம்மிடம் வருமாறு ஆண்டவர் அழைத்த நற்செய்தி வாக்கை, வயிற்று நோயாளருக்கு ஏற்றவாறு மாற்றி, ஒரு கடைக்காரர் இலத்தீனில் எழுதித் தொங்கவிட்டார் என்று ஒரு கதையும் நெடுநாளாக வழங்குகிறது. அதற்குத் தக்க சான்றில்லை என்பர் வரலாற்றாய்வாளர். ஆயினும் நோயாளியின் கிண்ணத்திலிருந்துதான் அச்சொல் புறப்பட்டது என்பதில் ஐயமில்லை. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பாரிசில் இத்தகைய உணவகங்கள் பெருகின. சொல் உலகெங்கும் பரவியது. நோயாளி மட்டும் பின்தங்கிவிட்டார்.

நாம் அன்றாடம் வழங்கும் 'ஓட்டல்' என்பதன் மூலத்தைத் தேடினால் நம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறோம். இலத்தீன் மொழியில் 'ஓஸ்பெஸ்' என்றொரு சொல் உண்டு. விருந்தளிப்பவருக்கும் அதுவே பெயர். விருந்துக்கு வந்தவருக்கும் அதுவே பெயர். அதிலிருந்து பிறந்த சொற்களே ஓட்டலும், ஆஸ்டலும், ஆஸ்பத்திரியும். மரணப் படுக்கையில் இருப்போரைப் பேணும் 'ஆஸ்பிஸ்' இல்லங்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஐந்து நட்சத்திர ஓட்டலும் அரசு தர்மாஸ்பத்திரியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்ப இயலுகிறதா?

இதற்குக் கல்லில் எழுந்த சான்றுகள் பிரான்சு நாட்டில் உள்ளன. பாரிசில் நோத்ர் தாம் பேராலயத்தின் அருகே 'ஓத்தேல் தியூ' என்னும் மருத்துவமனை இருக்கிறது. பெயரைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் 'கடவுளின் ஓட்டல்' என்றாகும். 651ஆம் ஆண்டில் அந்நகரின் ஆயராயிருந்த புனித லாந்திரி அதை நிறுவினார் என்பது மரபு. ஏழைகளும், நோயாளிகளும், வழிப்போக்கரும் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். பர்கண்டிப் பகுதியில் போன் என்னும் ஊரில் இதே பெயருள்ள இன்னோர் இல்லத்தை, அந்நாட்டுக் கோமகனின் முதன்மை அலுவலராயிருந்த நிக்கொலா ரொலானும் அவர் துணைவியார் கிகோன் தெ சாலேனும் 1443இல் நிறுவினர். நூறாண்டுப் போரின் அழிவால் மக்கள் வறுமையுற்றிருந்த காலம் அது. வண்ண ஓடுகள் வேய்ந்த அதன் கூரையைக் காண இன்று சுற்றுலாப் பயணிகள் திரள்கின்றனர். அக்கட்டடத்தின் மிகப்பெரிய கூடத்துக்கு வழங்கும் பெயர் 'ஏழைகளின் கூடம்' என்பதாகும். அழகும் வேலைப்பாடும் அங்கே ஏழையின் படுக்கையைச் சுற்றி அமைந்திருந்தன என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். ஆகவே அழகை நாம் குறைகூறவில்லை. அது யாருக்காக என்பதே நம் கேள்வி.

உயர்ந்த ஓட்டல் என்றவுடன் உலகத்தார் சொல்லும் ஒரு பெயர் 'ரிட்ஸ்'. ஆங்கிலத்தில் 'ரிட்ஸி' என்றால் பகட்டான, செல்வச் செழிப்பான என்று பொருளாகிவிட்டது. இச்சொல்லுக்குப் பெயர் கொடுத்த சேசர் ரிட்ஸ் என்பவர் 1850இல் சுவிட்சர்லாந்தின் மலைச் சிற்றூர் ஒன்றில், குடியானவர் குடும்பத்தில் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர். மேசை துடைத்தும், தட்டு ஏந்தியும் தொழில் கற்று, 1898இல் பாரிசில் தம் பெயரால் ஓட்டல் திறந்தார். அவருக்கு வலக்கையாக விளங்கிய சமையற்கலைஞர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே. இவ்விருவரும் 1890 முதல் இலண்டன் சவாய் ஓட்டலில் பணியாற்றிய காலத்தில், அரச குடும்பத்தாரும் பெருஞ்செல்வரும் அங்கே விருந்துண்டனர். அதே சமையற்கட்டின் பின்வாயிலுக்கு வேறு சிலரும் வண்டியோடு வருவர். புனித ஜான் ஜுகான் அம்மையார் 1839இல் தொடங்கிய 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபையைச் சேர்ந்த அருட்சகோதரிகள் அவர்கள். மேசையில் தொடப்படாமல் எஞ்சிய உணவை எஸ்கோஃபியே பக்குவப்படுத்தி அனுப்ப, அது அச்சகோதரிகள் பேணிய முதியோருக்குச் சென்றது. மெனு அட்டையில் அந்த முதியோரின் பெயர் இல்லை. ஆனால் அந்தச் சமையற்காரரின் நினைவில் அவர்களுக்கும் ஓர் இலை இருந்தது.

இனி, ஆடம்பர வாழ்வைக் குறிக்கும் 'லக்சுரி' என்னும் சொல்லைக் காண்போம். இலத்தீனில் 'லுக்சூரியா' என்றால் அளவு கடந்த நிலை, கட்டுமீறிய வளர்ச்சி. நம் பெரியோர் ஞானோபதேசத்தில் மனனம் செய்த தலையான பாவங்கள் ஏழனுள் 'மோகம்' என்று தமிழில் வழங்கியதற்கு இலத்தீன் பெயர் இதுவே. பிரெஞ்சு மொழியில் இன்றும் அப்பாவத்துக்கு 'லுக்சூர்' என்று பெயர். அந்த ஏழனுள் மற்றொன்றாகிய 'போசனப்பிரியம்' பிரெஞ்சு மொழியில் 'கூர்மாந்தீஸ்' எனப்படும். ஆனால் அச்சொல் நாளடைவில் இனிய உணவின்மீது கொள்ளும் நயமான விருப்பத்தையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. பாரிசின் புகழ்பெற்ற ரொட்டிக் கடைக்காரர் லியோனல் புவாலான் என்பவர், தலையான பாவங்களின் பட்டியலிலிருந்து அச்சொல்லை எடுத்துவிட்டு, பெருந்தீனியைக் குறிக்கும் வேறொரு சொல்லை அங்கே வைக்கவேண்டும் என்று திருத்தந்தைக்கு ஒரு விண்ணப்பம் எழுத முனைந்தார். 2002இல் அவர் விபத்தொன்றில் இறந்தார். அவ்விண்ணப்பம் 2003இல் உரோமை போய்ச் சேர்ந்தது. நல்ல ரொட்டியைச் சுவைப்பது பாவமன்று என்பது அவர் வாதம். நாமும் அதை மறுக்கவில்லை. கானா ஊர்த் திருமணத்தில் நல்ல திராட்சை இரசம் தந்தவர் நம் ஆண்டவர் அன்றோ! சுவை ஒன்று, தீராத வேட்கை வேறொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கினால் மனச்சான்று தடுமாறிப்போகும் என்பதை அந்த ரொட்டிக் கடைக்காரர் உணர்ந்திருந்தார்.

கிரேக்க ஞானி எபிக்கூருசுக்கும் இத்தகைய அநீதி நேர்ந்தது. உண்டு களிப்பதையே வாழ்வாகக் கொண்டவரை ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே 'எபிக்யூர்' என்கின்றனர். கி.மு. 270இல் மறைந்த அம்மனிதரோ பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும் கொண்டு வாழ்ந்தவர். சிறு பானையில் கொஞ்சம் பாலாடைக்கட்டி அனுப்புமாறும், தமக்கு விருந்துண்ண வேண்டும் என்று தோன்றும்போது அதை எடுத்துக்கொள்வதாகவும் நண்பருக்கு எழுதியவர் அவர்.

பிறமொழிச் சொற்களை விசாரித்த நாம் நம் சொற்களையும் கேட்கவேண்டும். 'ஆடம்பரம்' என்பது வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அது பறை வகை ஒன்றையும், அதன் பெருமுழக்கத்தையும் குறித்தது. ஆடம்பரம் என்பது பிறர் காதில் விழவேண்டிய ஓசை என்று முன்னோர் அறிந்தே வைத்ததுபோல் இருக்கிறது. தனியாக ஒருவர் ஆடம்பரம் செய்ய இயலாது, கேட்பவர் வேண்டும்.

'விருந்து' என்னும் சொல்லோ முற்றிலும் வேறு. அதன் முதற்பொருள் புதுமை என்பதாகும். புதிதாக இயற்றப்படும் நூல் வகைக்குத் தொல்காப்பியம் 'விருந்து' என்றே பெயர் தருகிறது. பின்னர் அது வீட்டுக்குப் புதிதாய் வந்தவரைக் குறித்தது. அதற்கும் பின்னரே அவருக்கு இடும் உணவைக் குறித்தது. உணவுக்கு முன்னே ஆள் இருந்தார். திருக்குறளில் விருந்தோம்பல் என ஓர் அதிகாரமே உண்டு. அதன் முடிவில் வள்ளுவர் பேசுவது உணவின் வகைகளைப் பற்றியன்று; வரவேற்போரின் முகத்தைப் பற்றி.

'பந்தி' என்பது வரிசை என்று பொருள்படும் வடசொல்லின் தமிழ் வடிவம். ஒரே தரையில், ஒரே வரிசையில், ஒரே சோற்றை உண்பது எத்துணை அழகிய ஏற்பாடு! ஆயினும் நம் பந்தியை நாம் மெச்சிக்கொள்வதற்கில்லை. யாரோடு யார் அமரலாம், யார் முதற்பந்தி, யார் கடைப்பந்தி, யார் பந்திக்கே வெளியே என்று சாதியைச் சொல்லி வரிசையைக் கூறுபோட்ட பழி நம் மண்ணுக்கு உண்டு. சொல் எவ்வளவு நல்லதாயினும், அதை வழங்கும் கை தூய்மையற்றதாயின் பயன் என்ன?

இன்னொரு செய்தியையும் சொல்லியாகவேண்டும். அன்று அந்த அட்டையில் 'மல்லிகட்டானி சூப்' என்றொரு வரி இருந்தது. பெயரைக் கண்டு நம் பெரியப்பா அதைத் தொடவேயில்லை. அது வேறொன்றுமன்று, நம் மிளகுத்தண்ணீரே. ஆங்கிலேயர் நம் நாட்டில் அதைச் சுவைத்து, இறைச்சியும் பிறவும் சேர்த்து, நாவுக்கு வந்தபடி பெயரைத் திரித்து, தங்கள் விருந்து மேசைக்குக் கொண்டுபோயினர். நம் கஞ்சியும் 'காஞ்சி' என்று அவர்கள் அகராதியில் ஏறியது. காய்ச்சலில் கிடந்தபோது தாயார் வைத்துக் கொடுத்த மிளகுத்தண்ணீர், கடல்கடந்து போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து, கிராண்ட் பட்டியலில் விலை ஏறி நிற்கிறது. அடகில் இருக்கும் சங்கிலியில் ஓரிரு கண்ணிகள் அதற்காகப் போயிருக்கும்.

லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் நாள்தோறும் விருந்துண்டு களித்த செல்வரின் உவமை வருகிறது. அவர் வாயிலில் கிடந்த ஏழைக்கு இலாசர் என்று பெயர் இருக்கிறது. செல்வருக்குப் பெயரில்லை. ஆங்கிலம் பேசுவோர் அவரை 'டைவீஸ்' என்று அழைத்து வந்தனர். அதுவும் பெயரன்று, 'செல்வன்' என்பதற்குரிய இலத்தீன் சொல்லே. விருந்தின் சிறப்பு அத்தனையும் இருந்தும் அவருக்கு எஞ்சியது ஒரு பொதுச்சொல்.

இவ்வளவும் எழுதியபின் ஓர் உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. அந்தத் திருமணத்தன்று கைகழுவிவிட்டு வெளியே வந்தபோது, வாயிலில் நின்ற மணமகளின் தந்தையாரின் கையைப் பற்றி, "விருந்து ரொம்ப கிராண்டாக இருந்தது" என்று நாமும் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். அவர் சொல்ல அஞ்சிய சொல்லுக்கும், அடகு வைத்து வாங்கிய சொல்லுக்கும் விலை வைத்தவர்களுள் நாமும் ஒருவர். பறை கொட்டியவர் அவர் எனின், கேட்டுத் தலையசைத்தவர்கள் நாம்.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கு மட்டும் அறிவுரை சொல்லி இதை முடிக்க நமக்கு உரிமையில்லை. திருமணம் பேசும் வீட்டார் ஒப்பந்தக்காரரை அழைப்பதற்கு முன், கணவனும் மனைவியும் மக்களும் ஒன்றாக அமர்ந்து, தங்களால் இயன்ற தொகையை வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். வீட்டுக்குள் சொல்லிப் பழகிய சொல் சம்பந்தி முன்னும் வரும். சம்பந்தி வீட்டார் தாங்களே முந்திக்கொண்டு, "சிறிய பட்டியலே போதும்" என்று சொல்வார்களாயின், அதைவிடப் பெரிய சீர்வரிசை வேறில்லை. விருந்துக்குச் செல்லும் நாம் அனைவரும் வாயிலில் நிற்பவரிடம் என்ன சொல்லிவிட்டு வருகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்போம். வகைகளை எண்ணிப் புகழ வேண்டாம். "மனசும் வயிறும் நிறைந்தது" என்று சொல்லலாம், எந்த வீட்டுக்கும் அது பொருந்தும், எவரையும் கடனாளியாக்காது.

அந்த வீட்டில் இரண்டாவது மகளுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் வரும் நாளில் பெரியப்பாவையும் உடன் வைத்துக்கொள்ளுமாறு அவள் தந்தையிடம் சொல்லியிருக்கிறோம். 'போதும்' என்னும் சொல் அவருக்கு எளிதாக வருகிறது.